வட்டத் தொட்டிக்குள் ஒரு குறுக்குச் சுவர்

நம் ஊர்களில் மேல்நிலைத் தொட்டியின் தூணிலோ சுவரிலோ பெயிண்டில் எழுதியிருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். கொள்ளளவு இத்தனை லிட்டர், கட்டிய ஆண்டு இது, தொட்டி சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்ய வேண்டிய நாள். கடைசி இரண்டு வரிகளுக்கு எதிரே பெரும்பாலும் பழைய தேதி இருக்கும், அல்லது வெறும் கோடு இருக்கும். ஏன் அப்படி? சோம்பல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சோம்பலுக்குப் பின்னால் ஒரு கட்டமைப்புக் காரணமும் இருக்கிறது. தொட்டிக்கு ஒரே வயிறு. அதைக் காலி செய்தால் ஊருக்கே தண்ணீர் நின்றுவிடும்!

அப்படியென்றால் தொட்டியை இரண்டாகப் பிரித்துக் கட்டினால் என்ன? நடுவில் ஒரு சுவர். ஒரு பாதியைக் கழுவும்போது மறுபாதி ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும். யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். ஆனால் வட்டத் தொட்டிக்குள் ஒரு நேர்ச்சுவரை வைப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். சிவில் படிக்காத நண்பர்கள் பயப்பட வேண்டாம், கணக்கு கொஞ்சம்தான் வரும். கதைதான் அதிகம்.

முதலில் தொட்டியை ஏன் கழுவ வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 19-ஆம் நூற்றாண்டில் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலேயே குழாய்களில் விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குழாய்களுக்குள் விலாங்கு மீன், சிப்பி, புழு என்று ஒரு உயிரியல் பூங்காவே குடியிருந்தது. மிகைப்படுத்தவில்லை. கார்ல் கிரேப்பெலின் என்ற விலங்கியலாளர் 1885-ல் 'ஹாம்பர்க் குடிநீர்க் குழாய்களின் விலங்கினம்' என்று ஒரு ஆய்வே வெளியிட்டார். 1892-ல் காலரா வந்தது. சில வாரங்களில் 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்து நகரமான அல்டோனாவும் அதே எல்பே ஆற்றிலிருந்துதான் தண்ணீர் எடுத்தது. அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, கீழ்ப்பகுதியிலிருந்து. ஆனால் மணல் வடிகட்டியில் வடித்து அனுப்பியது. அங்கே நோய் மிகக் குறைவு. இரு நகரங்களின் எல்லையில் இருந்த தெருவில் ஹாம்பர்க் குழாய் வந்த பக்கம் நோய் பரவியது, அல்டோனா குழாய் வந்த பக்கம் ஏறக்குறைய தப்பியது. ராபர்ட் கோக் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு வாதத்துக்கு இடமே இல்லை. 1893-ல் ஹாம்பர்க்கும் கால்டெஹோஃபேயில் வடிகட்டி நிலையத்தைத் திறந்தது.

இதில் நமக்கு வேண்டிய செய்தி, தண்ணீரை ஆற்றோரத்தில் சுத்தம் செய்தால் மட்டும் போதாது என்பது. வழியில் இருக்கும் தொட்டியில் வண்டல் படியும், பாசி பிடிக்கும். அதைக் கழுவத் தொட்டியை நிறுத்தினால் இன்னொரு ஆபத்து. குழாயில் அழுத்தம் இறங்கியதும், வெடிப்பு இருக்கும் இடங்களில் வெளியே இருக்கும் சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படும். சுத்தம் செய்வதற்காகத் தண்ணீரை நிறுத்தினால், அந்த நிறுத்தமே தண்ணீரைக் கெடுக்கிறது! எனவே கழுவவும் வேண்டும், நிறுத்தவும் கூடாது. பிரித்த தொட்டிக்கான தேவை இங்கேதான் பிறக்கிறது.

சரி, வட்டத்துக்கு வருவோம். தொட்டியை ஏன் வட்டமாகக் கட்டுகிறோம்? பிரான்ஸின் எட்மே மரியோத் என்ற இயற்பியலாளர் 1680-களில், வெர்சாய் அரண்மனை நீரூற்றுகளுக்கான குழாய்கள் உடையாமல் இருக்க எவ்வளவு கனம் வேண்டும் என்று ஆராய்ந்தார். ஒரு உருளை டிரம்மின் மேல் நீண்ட செங்குத்துக் குழாயைப் பொருத்தி, டிரம் வெடிக்கும்வரை தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கனம், அழுத்தத்துக்கும் விட்டத்துக்கும் நேர் விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கண்டது. அவர் இறந்த பிறகு 1686-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. இன்று வகுப்பில் ஹூப் டென்ஷன் என்று சொல்லும் வளைய இழுவிசைக் கணக்கின் கரு அதுதான். வட்டச் சுவரை உள்ளிருந்து தண்ணீர் தள்ளும்போது சுவர் வளைவதில்லை, பீப்பாயின் இரும்பு வளையத்தைப் போல விறைத்து நிற்கிறது. சுவரின் முழுக் கனமும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. சதுரத் தொட்டியின் தட்டைச் சுவருக்கு இந்த வசதி கிடையாது. அது வயிறு தள்ளி வளையும். வளையும்போது ஒரு முகம் இழுபடும், மறுமுகம் அமுங்கும், நடுவில் இருக்கும் பொருள் ஏறக்குறைய சும்மா இருக்கும்.

கான்கிரீட்டுக்கு இந்த வளையம் வந்தது ஒரு தோட்டக்காரர் மூலமாக. ஜோசப் மோனியே பூச்செடித் தொட்டிகள் உடைந்துபோகிறதே என்று சிமென்டுக்குள் இரும்புக் கம்பி வலையை வைத்துச் செய்து பார்த்து, 1867-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டே குழாய்களுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் அதை நீட்டித்துவிட்டார். கட்டிடம், பாலம் எல்லாம் பிறகுதான். வலுவூட்டிய கான்கிரீட்டின் ஆரம்பகால வேலைகளில் தண்ணீர்த் தொட்டியும் ஒன்று என்பது எனக்குப் பிடித்த தகவல்.

மரியோத்தின் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. சுவரின் அடி தளத்தோடு ஒட்டியிருக்கிறது, அங்கே அது விரிய முடியாது. விரிய முடியாவிட்டால் வளைய இழுவிசையும் வராது. அதற்குப் பதில் அடியில் வளைவு வரும், அதிகபட்ச இழுவிசை கொஞ்சம் மேலே ஏறிவிடும். இதை ஹான்ஸ் ரெய்ஸ்னர் 1908-ல் உருளைத் தொட்டிச் சுவர்களைப் பற்றிய கட்டுரையில் ஒழுங்காகத் தீர்த்தார். நம் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3370-ன் நான்காம் பகுதியில் (1967) இருக்கும் அட்டவணைகள் இந்த வகைக் கணக்கின் சாறு. உயரத்தின் வர்க்கத்தை விட்டத்தாலும் கனத்தாலும் வகுத்து ஒரு எண் எடுத்து, அட்டவணையில் விரலை ஓட்டி விடை எடுப்போமே, அதேதான். தேர்வுக்கு முதல் நாள் அந்த அட்டவணையைத் திட்டாதவர் யார்?

இடையில் ஒரு எச்சரிக்கைக் கதை. 1919 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் 50 அடி உயரமும் 90 அடி விட்டமும் கொண்ட ஒரு உருளை ஸ்டீல் தொட்டி வெடித்தது. உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை, சர்க்கரைப் பாகு. ஏறத்தாழ 23 லட்சம் கேலன். தண்ணீரைப் போல 1.4 மடங்கு கனமான திரவம். தகடு தேவையான கனத்தில் இல்லை. கட்டி முடித்ததும் முழுக்கத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டியதை, வெறும் 6 அங்குலம் நிரப்பிப் பார்த்ததோடு விட்டுவிட்டார்கள். 21 பேர் இறந்தார்கள், சுமார் 150 பேர் காயமடைந்தார்கள். வளைய இழுவிசை நல்ல வேலைக்காரன்தான், ஆனால் மரியோத் சொன்ன கனத்தைக் கொடுத்தாக வேண்டும்.

இனி நடுச்சுவரை வைப்போம். ஒரு எளிய உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். விட்டம் 10 மீட்டர், தண்ணீர் ஆழம் 4 மீட்டர். கொள்ளளவு சுமார் 3.14 லட்சம் லிட்டர். அடிமட்டத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 4 டன். ஆரம் 5 மீட்டர் என்பதால் வட்டச் சுவரில் வளைய இழுவிசை, மரியோத் முறைப்படி, அடியில் மீட்டர் உயரத்துக்கு 20 டன். எம்-25 கான்கிரீட் நேர் இழுப்பில் சதுர செ.மீ.க்கு சுமார் 13 கிலோ வரை தாங்கலாம் என்று வைத்தால், வெடிக்காமல் இருக்க 15 செ.மீ. கனம் போதும்.

இப்போது நடுவே விட்டத்தோடு ஒரு தட்டைச் சுவர். இரண்டு பக்கமும் நிறைந்திருந்தால் அதற்கு வேலையே இல்லை, இருபுறத் தள்ளும் சமம். ஒரு பக்கம் காலியானதும் கதை மாறும். அடியில் ஊன்றிய தனிச்சுவராக நினைத்தால், மீட்டர் அகலத்துக்கு 10.7 டன்-மீட்டர் வளைவுத் திருப்புமை வருகிறது. வளைவில் கான்கிரீட்டுக்கு அனுமதி சதுர செ.மீ.க்கு சுமார் 18 கிலோ. கணக்குப் போட்டால் கனம் ஏறத்தாழ 60 செ.மீ.! வெளியே ஊரையே தாங்கும் சுவருக்கு 15, உள்ளே வெறும் தடுப்புக்கு 60. மேலே போகப்போகக் கனத்தைக் குறைக்கலாம், பக்கவாட்டில் வட்டச் சுவரும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அதனால் உண்மையில் இதைவிடக் குறையும். ஆனால் விகிதம் எப்படி இருக்கிறது என்று தெரிகிறதல்லவா? இன்னொரு செலவும் உண்டு. இன்று இந்தப் பக்கம் காலி, அடுத்த முறை அந்தப் பக்கம் காலி. எனவே கம்பி இரண்டு முகத்திலும் முழுமையாக வேண்டும்.

பிரச்சினை தடுப்புச் சுவரோடு நிற்பதில்லை. பாதி மட்டும் நிறைந்த வட்டத்தை நினைத்துப் பாருங்கள். நிறைந்த பக்கத்து அரைவட்டம் வில் போல வெளியே இழுக்கிறது. அதன் இரண்டு முனைகளையும் யார் பிடிப்பது? நடுச்சுவர் இரு முனைகளிலும் வட்டச் சுவரைக் காலிப் பக்கமாகத் தள்ளுகிறது, அரைவட்டம் எதிர்ப்பக்கமாக இழுக்கிறது. இவை இரண்டும் சரியாகச் சமன்பட்டால் காலிப் பாதிக்கு ஒரு கவலையும் இல்லை. ஆனால் நடுச்சுவரின் சுமையில் ஒரு பங்கு அடித்தளத்துக்கு நேராக இறங்கிவிடுவதால் சமன்படாது. மிச்சத்தைக் காலிப் பக்கத்து வட்டச் சுவரும் தளமும் சுமக்க வேண்டும். வட்டம் முட்டை வடிவத்துக்கு நகரப் பார்க்கும். வளையாமல் வெறுமனே இழுபடுவதுதானே வட்டத்தின் பெருமை? அது போயிற்று. சரி, நடுச்சுவரை வட்டத்தோடு ஒட்டாமல் ரப்பர் பட்டை வைத்துத் தனியாக நிறுத்தலாமா? செய்யலாம். அப்போது அரைவட்டத்தை முனைகளில் பிடிக்க ஆளே இல்லை. ஒரு பக்கத் தள்ளு முழுவதையும் வட்டச் சுவர் தன் வழியாகவே அடித்தளத்துக்குக் கடத்த வேண்டும்.

ரெய்ஸ்னரின் கணக்கும் நம் அட்டவணைகளும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன. சுற்றிலும் எல்லா இடத்திலும் அழுத்தம் ஒன்றுதான் என்பது அது. நடுச்சுவர் அந்த அனுமானத்தை உடைத்துவிடுகிறது. கையால் கணக்குப் போட்ட காலத்துப் பொறியாளர்களுக்கு, சந்திப்பில் எவ்வளவு வளைவு வரும் என்று நம்பகமாகச் சொல்ல வழியில்லை. அதனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் சுவையான பகுதி. பிரச்சினையைத் தீர்க்காமல், அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்!

ஒரு வழி, வட்டத்தையே கைவிடுவது. கொல்கத்தாவின் டாலா தொட்டி இதற்குப் பெரிய சான்று. மாநகராட்சிப் பொறியாளர் டபிள்யூ. பி. மெக்கேப் திட்டமிட்டு 1911-ல் பயன்பாட்டுக்கு வந்த அந்த ஸ்டீல் தொட்டி, தரையிலிருந்து 110 அடி உயரம், பக்கத்துக்கு 321 அடி கொண்ட சதுரம், ஆழம் 16 அடி, கொள்ளளவு 90 லட்சம் கேலன். அதாவது நான்கு கோடி லிட்டருக்கும் மேல், தண்ணீரின் எடை மட்டும் 40,000 டன்னைத் தாண்டும். அதற்குள் நான்கு அறைகள். சதுரத் தொட்டியில் வெளிச்சுவரும் தட்டை, உள்சுவரும் தட்டை. இரண்டும் ஒரே வகை வேலை செய்கின்றன, எனவே தடுப்பு வைப்பதால் புதிய சிக்கல் எதுவும் வருவதில்லை. வட்டம் தரும் சிக்கனத்தை விட்டுக்கொடுத்து, பிரிக்கும் சுதந்திரத்தை வாங்கினார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆழத்தை 16 அடியோடு நிறுத்தியதும் தட்டைச் சுவருக்குச் சாதகம்தான். ஊன்றிய தட்டைச் சுவரின் வளைவு ஆழத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது வழி, ஒரு வட்டத்தைப் பிரிக்காமல் இரண்டு வட்டம் கட்டிவிடுவது. ஜெர்மன் மொழியில் இப்படி அடுத்தடுத்து இரண்டு வட்டத் தொட்டியும் நடுவில் வால்வு அறையும் இருக்கும் அமைப்புக்கு 'மூக்குக்கண்ணாடித் தொட்டி' என்று பொருள்படும் பெயரே உண்டு. மேலிருந்து பார்த்தால் கண்ணாடி போலவே இருக்குமாம். தரையில் இடம் இருந்தால் இதைவிட நல்ல விடை இல்லை என்பேன். உயரத்தில் என்றால்? அதே ஹாம்பர்க்கில் 1907 முதல் 1910 வரை ஷ்டெர்ன்ஷான்ஸே பூங்காவில் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்கு ஒரு நீர்க்கோபுரம் கட்டினார்கள். அதில் இரண்டு தொட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று, ஒவ்வொன்றும் சுமார் 2,300 கன மீட்டர். மேல்தொட்டி உயரமான பகுதிகளுக்கும் கீழ்த்தொட்டி தாழ்வான பகுதிகளுக்கும். குறுக்கே வெட்டாமல் அடுக்கியதால் இரண்டும் முழு வட்டமாகவே இருந்தன. 1961-ல் அது ஓய்வு பெற்றது. 2007-லிருந்து அந்தக் கோபுரம் ஒரு ஹோட்டல்.

மூன்றாவது வழிதான் எனக்கு அழகாகப் படுவது. வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். நடுவில் நேர்ச்சுவருக்குப் பதில் ஒரே மையம் கொண்ட சிறிய உருளை. நம் உதாரணத்தில் இரண்டு அறையும் சம அளவாக இருக்க, உள்வட்டத்தின் ஆரம் வெளி ஆரத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது, அதாவது 3.54 மீட்டர். உள்ளே நிறைந்து வெளியே காலி என்றால் உள்சுவர் வளைய இழுவிசையில் 14 டன் தாங்கும். வெளியே நிறைந்து உள்ளே காலி என்றால் அதே 14 டன் அழுத்தமாக மாறும். அழுத்தம் என்றால் கான்கிரீட்டுக்குக் கொண்டாட்டம்! (மெல்லிய ஸ்டீல் தகடாக இருந்தால் நசுங்கிவிடும் அபாயத்தையும் பார்க்க வேண்டும்.) எந்த நிலையிலும் சுற்றிலும் அழுத்தம் ஒன்றே என்பதால் அட்டவணைகள் உயிரோடு இருக்கும். 60 செ.மீ. சுவர் தேவையில்லை. குறை என்று பார்த்தால், இரண்டு வட்டத்துக்கும் வளைந்த சாரப் பலகை அடிக்க வேண்டும், உள்ளறைக் குழாய்களைத் தளத்தின் வழியே கொண்டுபோக வேண்டும், வெளி அறை 1.46 மீட்டருக்கும் குறைவான அகலத்தில் ஒரு சந்து போல இருக்கும். ஆள் இறங்கிக் கழுவலாம், ஆனால் நிம்மதியாக இல்லை.

தொட்டி தூண்களின் மேல் இருக்கும்போது இந்த ஒத்த அமைப்பின் மதிப்பு இன்னும் கூடும். நேர்ச்சுவர் வைத்துப் பாதி மட்டும் நிரப்பினால், 157 டன் தண்ணீரின் மையம் தொட்டியின் மையத்திலிருந்து 2.12 மீட்டர் விலகி நிற்கும். 333 டன்-மீட்டர் கவிழ்ப்பு, காற்று அடிக்காமலேயே! ஒரு பக்கத் தூண்களும் அவற்றின் அடித்தளமும் மாதக்கணக்கில் கூடுதல் சுமை தாங்கினால் நிலம் சீராக இறங்காது. வட்டத்துக்குள் வட்டம் என்றால் இந்த விலகல் பூஜ்யம்.

இங்கே இன்ட்ஸே தொட்டியைச் சொல்லாமல் போக முடியாது. ஆகன் நகரப் பேராசிரியர் ஆட்டோ இன்ட்ஸே வடிவமைத்து, 1883-ல் ரெம்ஷைட்டில் முதலில் எழுந்த வகை. அடியில் நடுவே ஒரு குவிமாடம், அதைச் சுற்றி வெளிப்புறமாக விரியும் கூம்பு. குவிமாடம் அடிவளையத்தை வெளியே தள்ளும், கூம்பு உள்ளே தள்ளும். இரண்டையும் சரியாகப் பொருத்தினால் வளையத்தில் பக்கவாட்டு விசை ஏறக்குறைய இல்லாமல் போகும். நம்மூர்களில் கிண்ணம் போல அடி குறுகி நிற்கும் பெரிய தொட்டிகளில் ஏராளமானவை இந்த வகைதான். இதற்குள் வட்டத் தடுப்பு வைத்தால் என்ன ஆகும்? உள்ளறை மட்டும் நிறைந்தால் குவிமாடத்தின் தள்ளு மட்டும் இருக்கும், எதிர்த்தள்ளு இருக்காது. ஒத்த அமைப்பு கெடவில்லை, ஆனால் இன்ட்ஸேயின் சமன்பாடு கெட்டது. அடிவளையத்துக்குக் கூடுதல் கம்பி கொடுத்தாக வேண்டும். பெரும்பாலான ஊர்களில் தொட்டி ஒரே அறையாக நிற்பதற்கு, பணத்தோடு சேர்த்து இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்று நேர்ச்சுவர் முன்பைப் போல ஒதுக்கப்பட வேண்டியதில்லை. 'ஃபைனைட் எலிமென்ட்' என்று ரே கிளஃப் 1960-ல் பெயரிட்ட முறையில், சுவரைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கிக் கணினி சந்திப்பு வளைவைக் கணக்கிட்டுவிடும். இடது நிறைந்தது, வலது நிறைந்தது, இரண்டும் நிறைந்தது, இரண்டும் காலி என்று நான்கு நிலைகளையும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் விடை சுலபமாகக் கிடைக்கிறது என்பதால் சுவர் மெலிந்துவிடாது. தட்டைச் சுவர் அன்றும் இன்றும் தட்டைச் சுவர்தான். கணினி பயன்படுத்தும் நண்பர்கள் இரண்டு பக்கமும் நிறைந்த நிலையை மட்டும் ஓட்டிவிட்டுத் தடுப்பில் விசையே இல்லை என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அந்தத் தடுப்பு கட்டப்படுவதே ஒரு பக்கம் காலியாகும் நாளுக்காகத்தான்.

டாலாவுக்கு அந்த நாள் ஒரு நூற்றாண்டு கழித்துப் பெரிய அளவில் வந்தது. 2010-களின் இறுதியில் தொட்டியின் துருப்பிடித்த தகடுகளை மாற்றும் வேலை தொடங்கியபோது, முழுத் தொட்டியையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு அறையைக் காலி செய்து, தகடுகளை மாற்றி, பெயிண்ட் அடித்து, மறுபடி நிரப்பிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். மற்ற மூன்று அறைகளிலிருந்து கொல்கத்தாவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.